மண் தாத்தாவுக்கு வரி கிடையாது

1

கையில் மூன்று ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் தாடியும் பொன்கட்டியுமாக வீற்றிருக்கும் நிலக்காவல் சாமி மண் தாத்தாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இனி வருவதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு காற்புள்ளியைக்கூட நான் கற்பனை செய்யவில்லை. பொய் சொன்னால் என் நாக்கில் கொப்புளம் வரட்டும். (ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது சூடான சூப்பால் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோபத்தில் பிறந்தது. உயர்ந்த ரகக் கோபம்கூட இல்லை. காலையில் வயிற்றுக்குள் எதுவும் போவதற்கு முன்னால் வருகிற கோபம். எங்கள் வாசலில் இருக்கும் பீ-யுன்னின் தள்ளுவண்டிக்கு முன்னால் முட்டை ரொட்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். தேர்தல் வண்டி ஒன்று ஒலிபெருக்கியோடு சந்துக்குள் நுழைந்தது. மேலே நின்ற வேட்பாளர் கையை ஆட்டி ஆட்டி, "எல்லோருக்கும் ஒரு கூரை! நில நியாயம்! வீட்டு நியாயம்!" என்று முழங்கினார்.

"அண்ணே, அவருக்கு எத்தன கூரைன்னு கேளுங்க" என்றாள் பீ-யுன், ரொட்டியைப் புரட்டியபடி.

கேட்டேன். ஒலிபெருக்கியில் விழவில்லை. பிறகு பத்திரிகையில் வந்த சொத்து விவரத்தைப் பார்த்தேன். பதினொன்று. எல்லோருக்கும் ஒரு கூரை என்று அவர் சொன்னபோது, அந்த எல்லோரும் அவரே என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானமே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "சான்ச்சுங்கில் அன்று மழை பெய்துகொண்டி"

(அடித்துவிட்டேன். சான்ச்சுங்கில் என்றைக்கு மழை பெய்யவில்லை?)

இரண்டாவது தொடக்கம்: "வீட்டுக்காரர் ஜுவாங் அடிப்படையில் நல்ல மனிதர், சூழ்நிலைதான் அவரை"

(இங்கே பேனா நின்றுவிட்டது. உதறிப் பார்த்தேன். மை இருந்தது. பேனாவுக்கு விருப்பமில்லை.)

மூன்றாவது தொடக்கம்: "ஓர் ஊரில் வீடில்லாத மனிதர்களும் மனிதரில்லாத வீடுகளும் இருந்தன. இரண்டு தரப்பும் சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அரசாங்கம் இருந்தது."

(இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டுகிற எழுத்தாளனை நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்பாதீர்கள்.)

நான்காவது தொடக்கம், வெறும் விவரம்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் தலைநகர் தைபே. இந்தப் பக்கம் சான்ச்சுங்கில் நாங்கள். சந்து முனையில், மெட்ரோ நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், வேலி போட்ட மனை ஒன்று. அதன் நடுவில் ஒரு பழைய வீடு: தரைத்தளம், மேலே ஒரு மாடி. தரைத்தளத்தில் பின்பக்க அறையில் பீ-யுன். வாசலில் அவளுடைய தள்ளுவண்டி. மற்ற அறைகளில் வந்து போகிறவர்கள்; அவர்களைக் கதைக்குள் இழுக்கமாட்டேன், இடம் போதாது. மொட்டை மாடியில், தகரத்தால் கட்டிய அறையில் நான்.

அரசு வரைபடத்தில் இந்த வீட்டுக்கு ஒரு மாடிதான் உண்டு. நான் அதற்கும் மேலே இருக்கிறேன். ஆகவே சட்டப்படி நான் காற்றில் மிதக்கிறேன். காற்றுக்கு வரி கிடையாது, வாடகை உண்டு. ஒரு புயலில் தகர அறை என்னோடு சேர்ந்து பறந்து, ஆற்றைத் தாண்டித் தைபேயில் போய் இறங்கியது. கண்ணைத் திறப்பதற்குள் ஜுவாங்கின் போன்.

"தாத்தா, பத்திரமா இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"எங்க?"

"தைபேயில, ஏதோ ஒரு மொட்டை மாடியில."

"தைபே விலாசம்னா வாடகை வேறயாச்சே தாத்தா."

அடுத்த காற்றில் திரும்பி வந்துவிட்டேன்.

3

ஜுவாங்குக்கு ஐம்பது வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உயரமான கட்டடத்தில் குடியிருக்கிறார். ஆனால் வரி அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் எங்கள் வீட்டில் குடியிருக்கிறார். சொந்தக்காரரே குடியிருக்கிற மனைக்கு நிலவரி குறைவு. வாடகைக்கு விட்டால் ஐந்து மடங்கு. அதனால் குடிவருகிற எல்லோரிடமும் அவர் மூன்று நிபந்தனை வைப்பார்: இந்த விலாசத்தில் பெயர் பதியக் கூடாது, வாடகை உதவித்தொகைக்கு எழுதிப்போடக் கூடாது, யாராவது கேட்டால் விருந்தாளி என்று சொல்ல வேண்டும். பீ-யுன் பத்தொன்பது வருட விருந்தாளி.

மெட்ரோ வேலை நடந்தபோது சந்து முழுக்கப் புழுதி. பீ-யுன் ரொட்டி மாவுக்கு மேல் துணி மூடி, துணிக்கு மேல் பலகை மூடி வியாபாரம் செய்தாள். பாதிப் பேர் வரவில்லை. நிலையம் திறந்த அன்று ஜுவாங் வந்தார். "அக்கா, இப்ப நீ மெட்ரோவுக்குப் பக்கத்துல இருக்க" என்று வாடகையை ஏற்றினார். புழுதி எங்கள் வாய்க்குள் போனது. விலை அவர் வாய்க்குள் போனது.

இன்னொன்று. காலியான ஓர் அறைக்கு அவர் கொடுத்த விளம்பரத்தை நானே படித்தேன்: "நிலையம் அருகில். வாசலிலேயே புகழ்பெற்ற முட்டை ரொட்டி." அந்த ரொட்டியைக் காரணம் காட்டி எல்லா அறைக்கும் வாடகை ஏறியது. ரொட்டி போடுகிறவளின் அறைக்கும்.*

* இந்த இடத்தில் கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். நீங்களும் நடந்துவிட்டு வாருங்கள்.

அந்த ஏற்றத்துக்குப் பிறகுதான் அவள் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டாள். விவரம் கணினியில் போனது. கணினி வரி அலுவலகத்திடம், 'அந்த வீட்டில் யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள்' என்று கோள் சொன்னது. ஜுவாங் தள்ளுவண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னக்கா, அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டியாமே?"

"ஆமா மொதலாளி. ரேடியோல சொன்னாங்க. வயசானவங்களுக்குக் கூடக் கொஞ்சம் தராங்களாம்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"வீட்டுக்காரர் சம்மதம் வேண்டாம்னாங்களே."

"சம்மதம் வேண்டாம்தான்க்கா. வீடு வேணுமில்ல?"

பீ-யுன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன்னால எனக்கு வரி அஞ்சு மடங்கு. வரி ஏறுனா வாடகை ஏறத்தான செய்யும்? ஊரு ஒலகத்துல அதான வழக்கம்."

"இத்தன வருசமா வரி கம்மியா இருந்துச்சே மொதலாளி. வாடகை எறங்குச்சா?"

அவர் ஒரு ரொட்டியைத் தொட்டுச் சூடு பார்த்தார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுக்கா."

"அறுபத்தாறு வயசுல நான் எங்க போவேன்?"

"ஆத்தங்கரையில காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டு, காசு கொடுக்காமல் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் மற்ற வீடுகளுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வயசென்னம்மா?"

"அறுபத்தாறுங்க."

"மன்னிச்சுக்கோம்மா. வயசானவங்களுக்கு விடறதில்ல. உள்ள யாராச்சும் செத்துட்டா வீட்டு விலை பாதியாயிடும்."

"சாக மாட்டேங்க."

"எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். சாகாமல் இருப்பதற்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். நான் முன்வந்தேன். எனக்கு எழுபத்தெட்டு என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டார்கள்.

4

ஜுவாங்குக்கு ஒரு யோசனைக்காரர் உண்டு: யென். நிலப் பத்திரம் எழுதுகிறவர். வரிச் சட்டத்தில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்பது, தன் பனியனில் இருக்கிற ஓட்டையைப் போல, அவருக்கு அத்துப்படி. இருவரும் எங்கள் வேலிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காற்றில் மிதக்கிறவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் யென். "ஒண்ணு முட்டைக்கோஸ்."

"என்னது?"

"வீட்ட இடிச்சிரு. முட்டைக்கோஸ் நடு. அப்பறம் அது மனை இல்ல, வயல். வயல்வரிய வசூல் பண்றதையே அரசாங்கம் எப்பவோ நிறுத்திடுச்சு. வெலை பழுக்கிற வரைக்கும் கோஸ் வெளையட்டும். பழுத்ததும் வித்துரு."

"குனிஞ்சு நிமிர என்னால ஆகாதுய்யா. முதுகு."

"அப்பன்னா ரெண்டாவது வழி. சாமி. கோயில் நெலத்துக்கு வரி இல்ல. வாசல்ல ஒரு மண் தாத்தாவ உக்கார வை. மனைய அவர் பேர்ல எழுதிரு. சங்கம் ஒண்ணு பதிவு பண்ணிக்கோ. தலைவர் நீ, செயலாளர் நீ, பொருளாளர் உன் சம்சாரம்."

"தாத்தா ஒத்துக்குவாரா?"

"அவரு என்ன, வாயத் தொறந்து பேசப்போறாரா?"

(இதுவரை எழுதியதை வாரமலர் ஆசிரியை அம்மாவுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டார்கள்.

"ஐயா, கதை போகுது. ஆனா அந்த முட்டைக்கோஸ்."

"என்னம்மா?"

"மெட்ரோவுக்குப் பக்கத்துல, ஒரு பாய் விரிக்கிற எடம் ஒரு கார் வெலை விக்கிற ஊர்ல, வீட்ட இடிச்சுட்டு முட்டைக்கோஸ் நடுவாங்களா? வாசகர் நம்பணுமில்ல?"

"வரி ஆபீஸ் நம்புதேம்மா."

"வரி ஆபீஸ் வேற, வாசகர் வேற. வாசகருக்கு அறிவு இருக்கு. முட்டைக்கோஸ எடுத்துருங்க. சாமிய வச்சுக்கோங்க. சாமின்னா நம்புவாங்க."

எனவே, அன்பான வாசகரே, இந்த இடத்திலிருந்து முட்டைக்கோஸை எடுத்துவிடுகிறேன். நம்பும்படி மட்டுமே எழுதுவேன்.)

5

கதையை நிறுத்திவிட்டு நூறு நோட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் வந்த கிழவன் நேர்கோட்டில் நடப்பதில்லை.

எங்கள் நூறு நோட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாட்டைத் தொடங்கிவைத்தவர், தொழிலால் மருத்துவர். அவர் நிலத்தைப் பற்றி ஒன்று சொன்னார். எங்களில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருக்கிறோம். உன் நிலத்தின் விலையை நீயே சொல். கூட்டிச் சொன்னால் அந்த விலைக்கு வரி கட்டு. குறைத்துச் சொன்னால் அரசு அந்த விலைக்கே வாங்கிக்கொள்ளும். நீ உழைக்காமல் நிலத்துக்கு ஏறிய விலை ஊருக்குச் சொந்தம், ஏனென்றால் ஊர்தான் அதை ஏற்றியது.

இதைவிட எளிமையாக ஒரு கண்ணி வைக்க முடியுமா? பொய் சொல்கிறவன் தன் நாக்காலேயே மாட்டிக்கொள்வான். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? அவருடைய யோசனையைப் புத்தகத்தில் வைத்தோம், அவருடைய முகத்தை நோட்டில் வைத்தோம், நோட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் அந்தப் பெரியவர் கட்டுக் கட்டாக ஜுவாங்கின் பைக்குள் போகிறார். உள்ளே போகும்போது அவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் ஆற்றங்கரையில் புதுக் கட்டடங்கள் தெரியும். இருபது மாடி, நாலு விளக்கு. மற்றதெல்லாம் இருட்டு. உள்ளே யாரும் இல்லை. விலை மட்டும் குடியிருக்கிறது. விலைக்குச் சமையலறை எதற்கு, கழிப்பறை எதற்கு? பூட்டிய வீட்டுக்கு நிஜமாக வலிக்கிற மாதிரி வரி போடு, மறுநாளே அந்த விளக்குகள் எரியும். போடமாட்டார்கள். போட வேண்டியவருக்குப் பதினொரு கூரை.

6

வரி ஆய்வாளர் பான் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவருக்கு ஒரு தங்கப் பல்லும், மேசைக்கு அடியில் நீளுகிற ஒரு கையும் கொடுத்திருந்தேன். கோபத்துக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் அவர் ஸ்கூட்டரில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே பீ-யுன்னிடம் ஒரு ரொட்டி வாங்கி, காசு கொடுத்தார். தங்கப் பல் விழுந்துவிட்டது. முப்பது வயதுப் பையன்.

"நீங்க எங்க இருக்கீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"வாடகைக்குத்தான் தாத்தா. தகரத்துக்குக் கீழ."

"விலாசத்துல பேர் பதிஞ்சாச்சா?"

"வீட்டுக்காரர் விடல."

"வரி ஆபீசருக்கேவா?"

"அதுனாலதான் ஒரு மாச முன்பணம் கூட வாங்கிட்டாரு."

நான் யார் மேல் கோபப்படுவது? வில்லன் வேண்டிய இடத்தில் இன்னொரு தகரக் கூரை வந்து நிற்கிறது. கதைக்கு இது பெரிய நஷ்டம்.

7

இப்போது ஜுவாங் செய்த தவறைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய தவறு.

சந்தையில் வாங்கிய பொம்மையை அப்படியே வைத்தால் போதும் என்றார் யென். ஜுவாங்குக்கு மனம் வரவில்லை. அரசாங்கத்தை ஏமாற்ற அவருக்குக் கை நடுங்காது. சாமி விஷயத்தில் நடுங்கும். பெரிய கோயிலிலிருந்து பூசாரியைக் கூட்டிவந்து, முறைப்படி சிவப்பு மையால் தாத்தாவுக்குக் கண் திறக்கவைத்தார். பக்கத்தில் தாத்தாவின் சம்சாரத்தையும் உட்காரவைத்தார். இரண்டு பிறைக்கட்டைகளும் வாங்கி வைத்தார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. கேள்வி கேட்டுத் தரையில் போட்டால், ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் 'சரி'. இரண்டும் தட்டை மேலே தெரிய விழுந்தால் சாமி சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை. இரண்டும் வளைவு மேலே தெரிய விழுந்தால் 'முடியாது'. பெரிய விஷயம் என்றால் தொடர்ந்து மூன்று முறை 'சரி' விழ வேண்டும். விழுந்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

கோயில் நிலத்துக்கான வரிவிலக்கு மனுவைச் சோதிக்கப் பான் வந்தது சந்திர மாதத்தின் பதினாறாம் நாள். மண் தாத்தாவுக்குப் படையல் போடுகிற நாள். கூட்டம் வேண்டும் என்று ஜுவாங் எங்கள் எல்லோர் கையிலும் ஊதுபத்தியைத் திணித்திருந்தார். மாசக் கடைசியில் காலி பண்ண வேண்டிய பீ-யுன் கையிலும்.

"இங்க யாரு குடியிருக்காங்க?" என்றார் பான்.

"யாருமில்ல சார். சாமிதான்."

"அப்ப இவங்கல்லாம்?"

"பக்தருங்க."

"பக்தருங்க எதுக்கு இங்க துணி காயப்போடறாங்க?"

ஜுவாங் கொடியைப் பார்த்தார். என் கால்சட்டை ஆடிக்கொண்டிருந்தது. "சாமியோட துணி சார்."

"பக்கத்துல அந்தப் பூப்போட்ட பாவாடை?"

"தாத்தாவோட சம்சாரம் இருக்காங்கல்ல சார்."

பான் சிரிக்கவில்லை. அரசாங்க வேலையில் அதற்குப் பயிற்சி உண்டு. "நெலம் எவ்வளவு தூரம் கோயிலுது? முன்னாடி இத்துனூண்டா?"

இத்துனூண்டு என்று சொல்லியிருந்தால் ஜுவாங் தப்பித்திருப்பார். பேராசை விடவில்லை. தாத்தாவுக்கு முன்னால் ஊதுபத்தியை உயர்த்திப் பிடித்தார்.

"வேலியிலேர்ந்து வேலி வரைக்கும் சார். வீடு நிக்கிற மண்ணும் தாத்தாவோடதுதான். எனக்கு இதுல ஒரு பிடி கூட இல்ல. இந்தச் சாமி சாட்சி."

பீ-யுன் அடுப்பை அணைத்தாள். பத்தொன்பது வருடத்தில், வாடிக்கையாளர் நிற்கும்போது அவள் அடுப்பை அணைத்து நான் பார்த்ததில்லை.

"அப்ப நான் யாரக் கேக்கணும் மொதலாளி?"

"என்னக்கா கேக்கணும்?"

"காலி பண்ணச் சொன்னது நீங்க. மண்ணு உங்களுது இல்லேன்னு சாமி முன்னாடி இப்பத்தான் சொன்னீங்க. அப்ப நான் இருக்கலாமா போகணுமான்னு தாத்தாவத்தானே கேக்கணும்?"

"அக்கா, ஆபீசர் இருக்காரு. அப்பறம் பேசிக்கலாம்."

"ஆபீசர் இருக்கறப்பவே கேக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"நீங்கதான கண்ணத் தொறந்து வச்சீங்க. தொறந்த கண்ணு எதையாவது பாக்கத்தான செய்யும்?"

ஜுவாங் யென்னைப் பார்த்தார். யென் தன் பனியனைப் பார்த்தார். பான் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பீ-யுன் மாவுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். கட்டைகளை நெற்றிக்கு நேராகப் பிடித்தாள். "தாத்தா, நான் லியாவ் பீ-யுன். உங்க மண்ணுலதான் ரொட்டி சுடறேன். என் பேரு எங்கயும் எழுதல, ஆனா நான் இங்கதான் இருக்கேன். இன்னமும் இருக்கலாமா?"

முதல் முறை போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று வளைவு.

சரி.

"தற்செயல்" என்றார் யென்.

இரண்டாம் முறை. ஒன்று வளைவு, ஒன்று தட்டை.

சரி.

ஜுவாங்கின் ஊதுபத்திச் சாம்பல் அவர் சட்டைக் கைக்குள் விழுந்தது, அவருக்குச் சுடவில்லை. அவர் உண்மையாகவே பயந்திருந்தார். சந்தில் போனவர்கள் நின்றார்கள். பீ-யுன்னின் உதடு மட்டும் அசைந்தது.

மூன்றாம் முறை போட்டாள். ஒரு கட்டை தட்டையாக விழுந்து அசையாமல் நின்றது. மற்றது நுனியில் நின்று பம்பரம் மாதிரிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே சாக்கடை ஓரம் வரை போய்

8

இங்கேதான் பேனாவை வைத்தேன்.

முதல் முடிவு: வளைவாக விழுகிறது. ஜுவாங் மண்டியிடுகிறார். பீ-யுன் இருக்கிறாள். சாகும்வரை இருக்கிறாள், அந்த அறையிலேயே சாகிறாள், வீட்டு விலை பாதியாகிறது, நாங்கள் பட்டாசு வெடிக்கிறோம். ஆசிரியை அம்மாவுக்கு இது மிகவும் பிடித்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பெண் தன் அறையில் இருக்கத் தெய்வம் மூன்று முறை சாட்சி சொல்ல வேண்டும் என்றால், அது சுபமான முடிவா? வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோமே, வோட்டுப் போட்டு! அவர்கள் எதற்கு?

இரண்டாவது முடிவு: தட்டையாக விழுகிறது. தாத்தா சிரிக்கிறார். யென்னும் சிரிக்கிறார். மாசக் கடைசியில் பீ-யுன் தள்ளுவண்டியை ஆற்றுப் பாலத்தின் மேல் தள்ளிக்கொண்டு போகிறாள். காற்று நன்றாக வருகிறது.

(இதை எழுதி முடித்தேன். படிக்கவில்லை.)

மூன்றாவது முடிவு: கட்டை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பான் பேசுகிறார். "மொதலாளி, கோயில் பேருக்கு எழுதறப்ப இந்த நெலத்துக்கு என்ன வெலை போட்டீங்க?" ஜுவாங், வழக்கம்போல், ஒரு நாய்க்கூண்டின் விலையைச் சொல்கிறார். பான் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு நோட்டை எடுத்து, அதிலிருக்கும் பெரியவரைப் பார்த்து, "ஐயா, பரீட்சையில உங்களப் பத்தி எழுதி நூத்துக்கு நூறு வாங்குனேன்" என்கிறார். பிறகு, "அரசாங்கம் அதே வெலைக்கு வாங்கிக்குது" என்று முத்திரை குத்துகிறார். மனை ஊருக்குச் சொந்தமாகிறது. நியாயமான வாடகை. பீ-யுன்னுக்கு, எனக்கு, பானுக்கு ஆளுக்கொரு அறை. மூவர் பெயரும் விலாசத்தில்.

இதை எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்தது. நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன். கூரையோடு பறந்து ஆற்றைத் தாண்டியதை நீங்கள் ஒன்றும் கேட்காமல் நம்பினீர்கள். ஆனால் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரியை அரசாங்கம் அப்படியே செய்தது என்று எழுதினால், ஊரே என்னைப் பொய்யன் என்று சொல்லும்.

9

ஆகவே மூன்றாவது வீச்சை உங்களிடம் கொடுக்கிறேன். முதல் இரண்டு 'சரி' ஏற்கெனவே விழுந்துவிட்டது; உங்கள் பங்குக்கு ஒன்று போதும். பிறைக்கட்டை இல்லையென்றால் நாணயம் இரண்டு எடுங்கள். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் பீ-யுன் இருப்பாள். இல்லையென்றால் போவாள். சொந்த வீட்டில் இருப்பவர்கள் பலமாகச் சுண்டலாம். வாடகைக்கு இருப்பவர்கள் மெத்தை மேல் சுண்டுங்கள்; சத்தம் கேட்டால் வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

சுண்டிவிட்டீர்களா?

நாணயம் மேலே இருக்கும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மனையில் கோயில் என்று எதுவும் எப்போதும் இருந்ததில்லை. வீடு நின்ற இடத்தில், வேலியிலிருந்து வேலிவரை, முட்டைக்கோஸ் இருக்கிறது.